காய்ச்சி வடித்த நீர் தீர்ந்த நாள்

வவுனியாவிலிருந்து வரவேண்டிய கான்
மாங்குளத்தில் பழுதாகி நின்ற பஸ்ஸுக்குள்.
மல்லாவியில் நாங்கள்
பள்ளிக்கூடக் கிணற்றை எட்டிப் பார்த்தோம்.

எரிசோடா வில்லைகளை அந்த நீரில் போட்டேன்.
போத்தல் சூடேறியது, அது வழக்கம்.
பிறகு பால் விட்டதுபோல் வெளுத்தது,
அது வழக்கமில்லை.
கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு
கூப்பிடாமலே எழுந்து வந்தது.
ஊற்றிவிட்டேன்.
கடைசி அரைப் போத்தல் நல்ல நீரைக்
காரத்துக்குக் கொடுத்தேன்.
அமிலத்துக்குக் கிணறு.

எப்போதும் நீருக்குள்தான் அமிலம்.
மாறிச் செய்தால் என்ன ஆகுமென்று
என் இடது மணிக்கட்டில் எழுதியிருக்கிறது.

வன்னமிலம் நீரைத் தொட்டதும்
ஒரு சோடிகூட மிஞ்சாமல் பிரியும்.
மேகலா ரீச்சர் அதற்கு
ஒற்றை அம்புக்குறி போடுவா.
வினாகிரிக்கு இரட்டை:
நூறில் ஒன்று வெளிக்கிடும்,
மற்றவை கைபிடித்தபடி கிடக்கும்,
போனது திரும்ப, இன்னொன்று புறப்படும்.
ஒற்றை அம்பு விழுகிற நேரம்
பின்வாங்கு டிலக்சனா யன்னலைப் பார்ப்பாள்.
நான் காரணம் கேட்டதில்லை.

தூய நீரும் சும்மா இருப்பதில்லை.
ஐம்பத்தைந்து கோடியில் ஒன்று
யாரும் தொடாமலே உடைந்திருக்கும்.
அந்த ஒன்றை எண்ணத்தான்
இத்தனை கண்ணாடிக் குழாய்கள்.

இன்று அவளின் குடுவையில்
சொட்டு விழுந்த இடம் சிவந்தது.
குலுக்க மறைந்தது.
சிவந்தது, குலுக்க மறைந்தது.
பிறகு ஒரு சொட்டு
மறைய மறந்துபோயிற்று.

இருபத்தைந்து வரவேண்டும்.
இருபத்து மூன்று தசம் எட்டு.
மூன்று தரமும் அதே.
அடுத்த மேசையில் கீர்த்திகன்
இருபத்தைந்து என்று எழுதி முடித்து
பேனையையும் மூடிவிட்டான்.

“அண்ணை, மிச்சம் எங்க?”

நான் வாய் திறக்கமுன்
அமிலப் போத்தலைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தாள்.
உட்சுவர் முழுக்கச் சின்னக் குமிழிகள்,
வியர்வைபோல.

“கிணறு முதலே குடிச்சிட்டுது” என்றாள்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அழிறப்பரைத் தள்ளி வைத்துவிட்டு
23.80 என்று எழுதி
அடியில் ஒரு வரி சேர்த்தாள்:
நீர் — பாடசாலைக் கிணறு.

கான் நாலு மணிக்கு வந்தது.
மூடியில் ஒட்டியிருந்த மாங்குளப் புழுதியை
அப்படியே விட்டு
அலுமாரிக்குள் வைத்தேன்.