மேலே போனவர்கள்

சூலூர்ப்பேட்டை. கள ஆய்வு, பதினேழாம் நாள்.

இறால் தீவன வியாபாரி பெஞ்சலய்யா
விண்வெளிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார்.
மேலே பதினோரு நிமிடம்;
விலை ஆறு ஏக்கர் குளம்.
சம்பந்தி கேட்டாராம்,
அங்கே ராகுகாலம் எப்படிப் பார்ப்பது?
செங்காளம்மன் காலடியில் சீட்டை வைத்து
மஞ்சள் தடவி வாங்கிவந்தார்.
'யாத்திரை' என்று எழுதினேன். அடித்தேன்.
'சுற்றுலா'.
அதையும் அடித்தேன்.

ஏரிக்கரையில் வலையிலிருந்து நண்டு பிரிக்கும்
போலம்மாவிடம் படிவம் நீட்டினேன்:
உங்கள் வீட்டில் மேலே போக விரும்புகிறவர்கள் எத்தனை பேர்?

விரல் மடக்கினாள்.
மூணு பேர் போயாச்சு.
கடைசி ஆள் போன தையில.
சீட்டு கேக்கல யாரும்.

கட்டம் சிறியது.

நண்டுக் காலை ஒடித்தபடி கேட்டாள்:
அந்த ஆள் திரும்பி வந்தா
காலைக் கழுவி உள்ள விடுவாங்களா,
தலைமுழுகச் சொல்வாங்களா?