மணற்காட்டில் ஆறு துவக்குகள்

பூவரசில் செதுக்கிக் கறுப்பு மை அடித்த
ஆறு கைத்துவக்கு.
சென்றியில் சிங்களத்தில் ஒரு கடிதம் கொடுத்தோம்:
இவை மரம். இது படம்.
இடம் மெக்சிக்கோ எல்லை.
சிப்பாய் எண்ணினான்.
பின்னேரமும் ஆறு இருக்கவேணும் என்று
விரலால் சொன்னான்.

கஜீபனுக்கு மெக்சிக்கோ தெரியாது.
அதை ஸ்பெயினில் கட்டி எழுப்பிய
இத்தாலிக்காரரையும் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
வில்லன் சாகுமுன் மண்ணெண்ணெய் முடிந்து
ஜெனரேற்றர் நின்றுபோன வீடியோக்கள்.
கடைசிச் சண்டையில் ஆர் வென்றது?
அதைப் பார்க்கத்தான் இந்தப் படம்.

குதிரை நெடுந்தீவில் நிற்கிறது.
கடல் தாண்டித் தர ஒருவரும் ஒப்பவில்லை.
உழவு மெசின் பெட்டியில் சேணத்தைக் கட்டி
அன்ரோவை ஏற்றி
இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தோம்.
குளம்பு என் பொறுப்பு:
இரண்டு யோகட் கோப்பை.
மணலில் குளம்பு சத்தம் போடாது என்றேன்.
படத்தில் போடும் என்றான்.

மத்தியானம் இடியப்பமும் சொதியும்.
இத்தாலிக்காரர் சாப்பிட்டதும்
கிட்டத்தட்ட இதுதானாம் என்று
பகிடி விட்டான், லைற் பிடிக்கும் சியாமளன்.

வலையைக் காயவிட்டு வந்த பெனடிக்ற் அண்ணைக்குச்
சாகிற வேடம்.
மணல் விழுங்கி மிச்சம் வைத்த பழைய கோயில் சுவரடியில்
நிறுத்தினோம்.
"வெடி!" என்று கத்தினான் கஜீபன்.

விழுந்தார்.
குப்புற. முழங்கை ஊன்றி,
நெஞ்சு நிலத்தில் படாமல்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து.
வேடமே இல்லாத ரெஜினா அக்காவும்
விழுந்தா.
தேத்தண்ணிக் கேத்தில் உருண்டது.

"கட். அண்ணை, வெடிபட்டவன் அப்பிடி விழமாட்டான்.
கையை விரிச்சு
ஒரு சுத்துச் சுத்தி விழோணும்."

அண்ணை முழங்கை மணலைத் தட்டினார்.
"தம்பி, நீர் எத்தினை பேரைப் பாத்தனீர்?"

காற்று.
சவுக்குத் தோப்பு.
அக்கா கேத்திலை நிமிர்த்துகிற சத்தம்.
முப்பத்தெட்டு விநாடி.
மைக்கை நான் மூடவில்லை.

பிறகு அண்ணை எழும்பிக் கையை விரித்து,
ஒரு சுற்றுச் சுற்றி,
தொப்பி ஒருபக்கம் பறக்க
அழகாகச் செத்தார். கை தட்டினோம்.
இன்னொருக்கா எடுப்பமோ என்று
அவர்தான் கேட்டார்.

பின்னேரம் சென்றியில் எண்ணிக்கை சரி.
சிப்பாய் ஒன்றை எடுத்துக் கடலுக்குக் குறி வைத்து
"டிஷ்ஷூம்" என்றான் வாயால்.
பக்கத்தில் நின்றவன் நெஞ்சைப் பொத்திச் சுழன்று விழுந்து
விழுந்த இடத்தில் கிடந்து சிரித்தான்.
அதுவும் பதிவாகிவிட்டது.
பெயர் வைக்காத ஒரு கோப்பில் கிடக்கிறது.
பாவிக்கவில்லை. அழிக்கவுமில்லை.

கடைசிச் சண்டையில்
இரண்டு பேர் கண் வெட்டாமல் நிற்கும் இடத்தில்
அந்த முப்பத்தெட்டு விநாடியை வைத்திருக்கிறேன்.
காற்று நல்லா வந்திருக்கு என்கிறான் கஜீபன்.
ஆர் வெல்லுறது என்று
அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை.

மெக்சிக்கோ எல்லையில் எங்கேயோ
ஒரு கேத்தில் நிமிர்கிறது.