சாய்கோடு

லியெபாயா துறைமுக அலுவலகம், இரவு பதினொன்று.
விஸ்மா கேட்டது இன்னொரு கணினி.
வந்தது ஒரு கையெழுத்து: இருப்பதை வைத்துப் பார்.

இருப்பது விண்டோஸ்.
அதன்மேல் மெல்லிசாய் ஒரு யூனிக்ஸ் வேடம்,
அந்த வேடத்தின்மேல்
தான் எங்கே நிற்கிறோம் என்றறியாத தரவுத்தளம்.
சி டிரைவுக்கு இங்கே வேறு பெயர்.
இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்
வலப்பக்கம் சாய்கின்றன.

தொடங்கினாள்.
மூன்றே சொல்லில் செத்தது:
தவறான அமைப்பு அழைப்பு.

நாலாம் தடவைதான் பிடிபட்டது:
முன்கூட்டியே ஒரு சின்ன நிரலை எழுப்பிப்
பின்னணியில் உட்கார்த்த வேண்டும்,
நினைவகத்தைப் பங்கிட,
பொய் கலையாமல் பார்த்துக்கொள்ள.

எழுப்பினாள்.
இணைப்புகளுக்குத் தயார், என்றது.

முதல் பதிவு:
ஸெல்டா. மரக்கட்டை. காற்றால் தாமதம்.
நம்பிக்கொண்டது.

எது முதலில் எழவேண்டுமென்று
காலை ஷிஃப்ட் ஐகர்ஸுக்குத் தெரியாது.
திரையில் ஒரு தாளை ஒட்டினாள்:
அணைக்காதே.