ஒல்டன் நிலையத்தில் அறுபது நிமிடம்

இலவசம் என்றுதான் போட்டிருந்தது.
தொட்டால், கைப்பேசி எண் கேட்டது:
ஆறு இலக்கம் குறுஞ்செய்தியில் வருமாம்.
என் சென்னை எண்
விமானம் இறங்கியபோதே ஊமை.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க
அதே வாளியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

இரவு பதினொன்றேகால்.
தங்கவேண்டிய வீட்டு முகவரி
வாட்ஸ்அப்பில், மச்சானின் மாம்பழப் படங்களுக்குக் கீழே
எங்கோ கிடக்கிறது.

நான்காம் நடைமேடையில்
குப்பைப் பை மாற்றிக்கொண்டிருந்தவரிடம்
திரையை நீட்டினேன்.
சட்டையில் ஃப்ளுதுரா என்று பெயர்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
தன் எண்ணைத் தானே தட்டினார்.
அவர் இடுப்பில் 'டிங்' என்றது.

என் ஜெர்மன் ரொட்டிக்கடையோடு சரி.
ஆகவே விரல்களில் சொன்னார்:
மூன்று. ஒன்று. ஐந்து.
பூஜ்யத்துக்கு
மூடிய கை.

நன்றி சொல்வதற்குள்
அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

திரையின் மூலையில் அவர் எண்.
இந்த நிலையத்தின் கணக்கில்
இன்னும் அறுபது நிமிடத்துக்கு
நான் ஃப்ளுதுரா.

அவர் பெயர் கெட்டுவிடக் கூடாது.
முகவரியை மட்டும் பார்த்தேன்.
வந்து சேர்ந்தேன் என்று மச்சானுக்கு ஒரு வரி.

அப்புறம்
கொஞ்சம் கிரிக்கெட் ஸ்கோர்.