டெர்பிக்கு முந்தின நாள்

நாலு மணிப் பனியில்
வரிசை மார்க்கெட் சுவர்வரை நீண்டுவிட்டது.
எங்களுக்கு முன்னால் நூற்றுப் பதினேழு மங்கி குல்லா.
எண்ணியது நானில்லை, மாசி.
குளிருக்கு எதையாவது எண்ண வேண்டுமாம்.

பாலாடாவிலிருந்து அந்நேரத்துக்கு பஸ் ஏது?
கேரட் லாரியில்தான் வந்தோம்,
மூட்டைமேல் படுத்து.

எட்டரைக்குக் கவுண்டர் திறந்தது.
ஒன்பதுக்கு
ஒரு கை வெளியே நீண்டு
அட்டையைத் தொங்கவிட்டது: தீர்ந்தது.
அந்தக் கையில் மோதிரம் மூன்று.
முகம் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தில் ஒருவன்
ஸ்வெட்டருக்குள்ளிருந்து
இரண்டு டிக்கெட்டை எட்டிப்பார்க்க விட்டான்.
விலை சொன்னான்.
மாசி கேட்டான்:
"குதிரையும் சேர்த்தா அண்ணே?"

திரும்பும்போது பின்வாசலில்
எங்கள் லாரி.
சிவப்பு நூலில் தைத்த மூட்டை,
நேற்று சாயங்காலம்
விரல் மரத்துப்போக நான் கழுவியது,
காவலாளி ஒதுங்கி நிற்க
உள்ளே போகிறது.

"நாளைக்கு எது ஜெயிச்சாலும்
வயித்துல நம்ம கேரட்டுடா"
என்றான் மாசி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
லாயத்துச் சுவரோரம் நின்றேன்,
மெல்லும் சத்தம் கேட்கிறதா என்று.