வில்லங்கம் ஏதுமில்லை

நோட்டரி அம்மாள் வாசிக்கிறாள்,
மூச்சு விடாமல், முற்றுப்புள்ளி தெரியாமல்.
வாங்குகிறவருக்குப் போர்த்துகீசியம் புரியாவிட்டால்
ஒவ்வொரு வரியும் அவர் மொழியில்
அவர் காதில் விழவேண்டும். அது சட்டம்.
அதற்குத்தான் நான்.
ரோட்டர்டாமில் பதினோரு வருஷம்
ஹோட்டல் குளியலறை துடைத்துக் கற்ற டச்சு.
ஒரு பத்திரத்துக்கு எண்பது யூரோ.

வடக்கே தெரு.
தெற்கே ஃபெலிஸ்மினா வகையறாவின் சுவர்.
கிழக்கே பொதுப்பாதை.
மேற்கே உப்பளம் என்கிறது பத்திரம்;
ஆறு வருஷமாக அங்கே கார் நிறுத்துகிறார்கள்.
எழுதியதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
உப்பளம் என்றேன்.
கெர்பன் ஹூக்ஸ்ட்ரா கண்ணை மூடிக்கொண்டார்.
வெள்ளையாய் எதையோ பார்த்திருப்பார்.

இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட வீடும்
மொட்டைமாடியும்
முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டியும்
அத்திமரம் ஒன்றும்
எவ்வித வில்லங்கமும் இன்றி.

வாரிசுகள் நான்கு பேர்.
இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், மேசையின் இரு கோடியில்.
ஒருவர் டொராண்டோவிலிருந்து பவர் அனுப்பியிருக்கிறார்.
நான்காமவளின் பெயரை நோட்டரி வாசித்தபோது
மூத்தவர் அபிலியோ சட்டைப் பொத்தானைத் திருகினார்.
வில்லங்கம் இன்றி, என்று நான் டச்சில் முடித்தேன்.

கெர்பனின் மனைவி சிட்ஸ்கே ஒன்று கேட்கச் சொன்னாள்:
ஜனவரியில் முற்றத்தில் எத்தனை மணி நேரம் வெயில்?
அபிலியோ என்னைப் பார்த்தார்,
நான் தப்பாகச் சொல்கிறேனோ என்று.
மறுபடி கேட்டேன்.
"வெயிலா?
அதை வாசலோடு திருப்பி அனுப்பத்தானே
எங்கம்மா ஆயுசு பூரா ஜன்னல் பலகை சாத்தினாள்.
மே மாதம் சாத்தினால்
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க செப்டம்பர் ஆகும்."

நிறைய இருக்கும் என்கிறார், என்றேன்.

அவள் கெர்பனின் முழங்கையைப் பிடித்தாள்.
அவர்கள் ஊரில் அன்று மழையாம்,
மூன்று வாரமாக அதே மழை.
ஃபோனில் காட்டினாள், சாம்பல் நிறத்தில் ஒரு வாய்க்கால்,
ஒரு சைக்கிள், யாரும் இல்லை.
நான் தலையாட்டினேன். அந்த மழை எனக்கும் தெரியும்.
அதில் நடந்துதான் வேலைக்குப் போனேன்.

கையெழுத்துப் போடக் குனிந்த அபிலியோ
பேனாவைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:
"மாடிக்குப் போகிற மூன்றாம் படி
மற்றதை விட உயரம். இருட்டில் போகும்போது பார்த்து."
இது பத்திரத்தில் இல்லை. ஆனாலும்
ஒரு சொல் விடாமல் சொன்னேன்.
கெர்பன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.
தலைகீழாக வாசித்தேன்:
படி 3. இடித்துக் கட்டணும்.

"என்ன எழுதுகிறார்?"
நன்றி என்று எழுதுகிறார், என்றேன்.

விசுவாசமாக மொழிபெயர்த்தேன் என்று
கடைசிப் பக்கத்தில் நானும் ஒப்பமிட்டேன்.
காசோலை அந்தப் பக்கம் போனது, சாவி இந்தப் பக்கம் வந்தது.
தொட்டி மூடியின் சாவி மட்டும்
அபிலியோவின் வளையத்திலேயே தங்கிவிட்டது.
யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

வெளியே, ஃபுஸேட்டாவின் வெள்ளைச் சுவர்களில் பகல்.
கண்ணைச் சுருக்காமல் நடக்க முடியாது.
கெர்பன் சந்தோஷத்தில் இருந்தார், என்னிடமும் கேட்டார்:
நீங்கள் இந்த ஊரிலேயேதான் இருக்கிறீர்களா?

அக்டோபரிலிருந்து மே வரை, என்றேன்.

ஜூன் ஒன்றாம் தேதி
வீட்டுக்காரர் புது மெத்தை உறைகளோடு வருவார்.
என் ஒரு மாத வாடகை அவருக்கு அப்போது
நான்கு ராத்திரியில் கிடைத்துவிடும்.
அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில்
என் பெட்டிகள் ஐந்து, தையல் மெஷின் ஒன்று.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

"அப்படியா! நாங்களும் அதே மாதங்கள்தான்,"
என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அங்கே வேறு யாரும் இல்லை.