சிரிப்புக்கு விட்ட இடம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன்.
இந்தப் பக்கம் நான், டேப்போடும் பொத்தான்களோடும்.
கோயமுத்தூரில் காலை ஆறே முக்கால்,
மஞ்சள் விலைக்கும் மாநிலச் செய்திக்கும் நடுவே
ஐந்தே நிமிடம்.
கடலைக்காய் யாவாரியும் அவர்தான்,
யாவாரியை வையும் சம்சாரமும் அவர்தான்.

"ஏனுங்க, மழை வருமுங்களா?"
"ரேடியோவுல வருமுன்னாங்க."
"அப்பறம் அதையெதுக்கு ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்க?
கொண்டுபோயிக் காட்டுல வெய்யுங்க,
கொள்ளாவது நனையட்டும்."

எழுத்துப் பிரதியில் அந்த வரிக்கு எதிரே
சிவப்பு மசியில்: சிரிப்பு, மூன்று நொடி.
நான் விரல் மடக்கி எண்ணுவேன்.
எங்கள் அறையில் ஒருவரும் சிரிப்பதில்லை,
மின்விசிறி மட்டும் சுற்றும்.

பொறியாளர் மூன்று முறை விளக்கம் கேட்டார்.
மூணு நொடி சத்தமில்லைன்னா
நிலையமே படுத்துருச்சுன்னு நெனைப்பாங்க, என்றார்.
"சிரிக்கறவன் வாயத் தொறக்கறப்ப
நான் பேசுனா
எச்சி எம்மேலதானுங்க தெறிக்கும்"
என்றார் இவர்.

கடிதங்கள் வந்தன.
பருத்தி விதை கேட்டு, பாட்டு கேட்டு.
அவிநாசியிலிருந்து ஒரு கார்டு:
உங்கள் குரல் எனக்கு ஆயிரத்து இருநூறு தரவேண்டியவன்
குரல் போலவே இருக்கிறது, நேரில் வரவும்.
சிரித்தேன் என்று யாரும் எழுதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
சோமனூரிலிருந்து ஆறுச்சாமி வந்தார்,
எட்டுத் தறிக்குச் சொந்தக்காரர்.
உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.
"ஆறே முக்காலுக்கு என்ற குடோன்ல
பாப்பாத்தி தறிய நிறுத்தறா.
அவளப் பாத்து அத்தனை பேரும் நிறுத்தறாங்க.
தறிச் சத்தத்துல நீங்க பேசறது கேக்காதாமா.
நாளைக்கு மூணு மீட்டர் காடா போகுதுங்க.
கேட்டா ஆருங்க தருவாங்க?"

சென்னியப்பன் எழுந்து நின்று கும்பிட்டார்.
கேலி என்று நினைத்து
ஆறுச்சாமி கோபமாய்ப் போய்விட்டார்.

அப்புறம் சினிமா.
வடபழனி லாட்ஜில் பதினொரு மாசம்.
வரிக்கு வரி ஒரு 'ங்க' ஒட்டுங்க,
கோயமுத்தூர் வந்துடும் என்றாராம் இயக்குநர்.
"ஒட்டறதில்லீங்க அது.
எங்கூர்ல நாசமாப் போகச் சொன்னாலும்
போங்கன்னுதான் சொல்லுவோம்."
மூன்று நொடியை வெட்டிவிட்டு
அங்கே ஓர் அறை விழும் சத்தத்தை வைத்தார்கள்.
நாங்கள் குடும்பத்தோடு போய்
முதல் காட்சி பார்த்தோம்.
டைட்டிலில் அவர் பெயர்: சென்னையப்பன்.
அடுத்த மாதமே வந்துவிட்டார்.
ஊரு என்னை வெச்சுக்கலை,
பேரை மட்டும் வெச்சுக்கிச்சு, என்றார்.

பிற்பாடு பண்பலை.
பீளமேட்டில் குளிரூட்டிய அறை, காதில் வளையம் போட்ட பையன்.
பொத்தானை அமுக்கினான்,
இருநூறு பேர் சிரித்தார்கள்.
"இது எந்தூருச் சனம், தம்பி?"
"தெரியலைங்க சார், கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு."
"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

போன வாரம் நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு
விண்ணப்பம் நிரப்பினோம்.
அவருக்குக் கண் புரை, எழுத்து என்னுடையது.
பிறந்த தேதி, ரேஷன் அட்டை எண்.
'பெற்ற விருதுகள்' என்ற இடத்தில்
பேனா நின்றது.
ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நாளொன்றுக்கு மூன்று மீட்டர் காடா.
எழுது அம்மிணி."
எழுதினேன்.

ஆட்சியர் அலுவலகத்தில்
அந்தப் பெண் இரண்டு தரம் படித்தாள்.
"இதுக்கு ரசீது எதாச்சும் இருக்குங்களா?"

சென்னியப்பன் பதில் சொல்லவில்லை.
மேசைக்கு அடியில்
என் விரல் தானாக மடங்கியது.
ஒன்று.
இரண்டு.